பாட்டியின் ஈயச் சொம்பு

அன்புள்ள மகனுக்கு,

ஆசிகள். பாட்டியின் ஈயச் சொம்பை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாய். அதை அனுப்பவில்லை, கும்பகோணத்தில் புதிதாக ஒன்று வாங்கி, ஜெர்மனிக்குத் திரும்பும் உன் நண்பனிடம் கொடுத்திருக்கிறேன். காரணம் சொல்லாவிட்டால், பழையதை விட்டுத்தர எனக்கு மனமில்லை என்று நினைத்துக்கொள்வாய்.

திருமணமான முதல் ஆண்டில் ஒரு நாள், வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கறிவேப்பிலை பறிக்கக் கொல்லைக்குப் போனேன். ரசத்துக்கு ஏற்ற வெள்ளீயம், அதாவது டின், 232 பாகை செல்சியஸில் உருகிவிடும். உள்ளே புளிக்கரைசல் இருக்கும்வரை சூடு 100 பாகையை ஒட்டியே நிற்பதால்தான் சொம்பு பிழைக்கிறது என்பது அன்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது அடுப்பைச் சுற்றிப் பாதரசம் போல ஓடிக்கிடந்தது. பாட்டி ஒரு சொல் கடிந்து பேசவில்லை. உறைந்ததைச் சுரண்டியெடுத்து, கடையில் எடைக்குப் போட்டு, மேற்கொண்டு பணம் கொடுத்து வேறொன்று வாங்கிவந்தார். நீ கேட்பது அந்த இரண்டாவது சொம்பைத்தான்.

வெள்ளீயத்தில் விலை குறைந்த காரீயத்தை, அதாவது லெட் என்ற நச்சு உலோகத்தைக் கலந்து விற்பதுண்டு. அப்படிப்பட்ட பாத்திரத்தில் புளியும் தக்காளியும் கொதிக்கும்போது காரீயம் சிறிது சிறிதாகக் கரைந்து உடம்பில் சேரும். சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். உன் மகளுக்கு இரண்டு வயதுதான் ஆகிறது. தூய வெள்ளீயத்தை வளைத்தால் கிறீச்சென்று ஒலி எழும், காரீயத்தை வெள்ளைத் தாளில் தேய்த்தால் சாம்பல் நிறக் கோடு விழும் என்பதெல்லாம் உண்மையே ஆனாலும், கலப்பு குறைவாக இருந்தால் கண்ணும் காதும் ஏமாந்துபோகும். ஆகவே பழையது, புதியது இரண்டையும் சோதனைக்கூடத்தில் கொடுத்தேன். புதியது தேறிவிட்டது, பழையதில் காரீயம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். நாற்பது ஆண்டுகளாக விருந்தாளிகளிடம் பெருமை பேசிப் பரிமாறிய ரசம் அது. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. பாட்டியைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. முதல் சொம்பை உருக்கியவள் நான்தானே.

உன் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பில், காந்தம் ஒட்டாத இந்தச் சொம்பு சூடேறாது. எனவே ரசத்தை எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்து, நுரை கட்டி எழும்பும் தறுவாயில் சொம்புக்கு மாற்றி மூடிவிடு. அடுப்பிலேயே சொம்பில் வைத்த ரசத்தின் மணம் இதில் முழுதாக வராது என்பது என் கட்சி. உன் அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. கடுகையும் பெருங்காயத்தையும் இரும்புக் கரண்டியில் தனியாகத் தாளித்துக் கொட்டு. சொம்பில் எண்ணெய் காயவைக்கும் யோசனையே வேண்டாம். ஈயம் மெத்தென்ற உலோகம் என்பதால், கம்பி நாரால் தேய்த்தால் கீறும், கைதவறி விழுந்தால் நசுங்கும். மற்ற பாத்திரங்களோடு தொட்டியில் போடாமல் தனியாகக் கழுவித் துடைத்து வை. சோதனை அறிக்கையை மடித்துச் சொம்புக்குள்ளேயே வைத்திருக்கிறேன், மருமகளிடமும் காட்டு.

பாட்டியின் சொம்பைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். எடைக்குப் போட்டால் அந்த ஈயம் இன்னொருவர் வீட்டு ரசத்தில் போய்ச் சேரும் என்பதால், அது அங்கேயே இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா