மூன்றாவது கணினி யாருக்கு? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்கள் இணையக் கடையின் மூன்றாவது கணினியில், அந்த ஜன்னலோரக் கணினியில், "பின்னேரம் 4 முதல் 7 வரை செய்தியாளர்களுக்கு" என்று ஒட்டிய நாளிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் அதைப் பற்றியே கேட்கிறார்கள். மகளின் விண்ணப்பம் நிரப்ப வந்த அம்மா ஒருவர், "அவையளுக்கு மட்டும் என்ன தனி மரியாதை?" என்று நேராகவே கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலை எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

எங்கள் கடைக்கு வரும் பிரதேசச் செய்தியாளர்களில் முழுநேரம் அந்த வேலையே பார்ப்பவர்கள் குறைவு. ஒருவர் படிப்பிக்கிறார், இன்னொருவர் வயல் செய்கிறார். வேலை முடித்து பின்னேரம் ஓடிவந்து, கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பக்கம் மூடுவதற்குள் செய்தியை அனுப்பவேண்டும். அந்த அவசரத்தில் போன மாரியில் ஒரு பிழை நடந்தது. அதில் எனக்கும் பங்குண்டு.

இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்த படம் என்று வாட்ஸப்பில் வந்ததை ஒரு செய்தியாளர் அண்ணா என்னிடம் தந்து, "தம்பி, இதையும் சேர்த்து ஒருக்கா அனுப்பிவிடு" என்றார். அனுப்பினேன். பேப்பரிலும் வந்தது. மறுநாள் பத்து மணிக்கு ஒரு கமக்காரர் அந்தப் பேப்பரோடு கடைக்குள் வந்தார். படம் 2018 டிசம்பர் வெள்ளத்தில் எடுத்ததாம். ஓரத்தில் குடையோடு நிற்கிறவர் அவருடைய மூத்த மகன். "அவன் இப்ப கனடாவில நிக்கிறான்" என்றார். அண்ணா இரண்டு நாள் கடைப்பக்கமே வரவில்லை.

அந்தப் படத்தைத் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் போடலாம். அதே வேலை செய்யும் டின்ஐ (TinEye) தளத்தில் போட்டால், கிடைத்தவற்றில் பழையது முதலில் வரும்படியும் அடுக்கலாம். ஆனால் எங்கேயும் அகப்படவில்லை என்பதற்காகப் படம் புதியது என்று முடிவு கட்டக் கூடாது. வாட்ஸப் குழுக்களுக்குள்ளேயே சுற்றும் படங்கள் இந்தத் தேடலில் சிக்குவதில்லை. சாதாரணமாக அனுப்பும் படத்தில், உள்ளே பதிந்திருக்கும் எடுத்த நாளையும் இடத்தையும் வாட்ஸப் கழற்றிவிடுகிறது. எடுத்தவரிடமே கேட்டு, டொக்கியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கணினியில் தேவையான தளங்களை எல்லாம் வரிசையாகச் சேர்த்து வைத்தேன். அரச அறிவித்தல்கள் வரும் வர்த்தமானியும் சட்டங்களும் அரச ஆவணத் தளத்தில் தமிழிலேயே கிடைக்கின்றன. வாராந்த வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வரும். அதிவிசேட வர்த்தமானி எந்த நாளிலும் வரலாம். பாராளுமன்றத் தளத்தில் அங்கே பேசியவற்றின் பதிவான ஹன்சாட் இருக்கிறது. ஆனால் அங்கே பேசிய மொழியிலேயே உரை பதிவாகியிருக்கும். சிங்களத்தில் பேசிய அமைச்சரின் பதிலைத் தமிழ்ச் சொல் போட்டுத் தேடினால் கிடைக்காது.

சனத்தொகைக் கணக்கில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். 1981 கணக்கெடுப்பில் கிளிநொச்சி மாவட்டத்தைத் தேடினால் காணமாட்டீர்கள். அப்போது நாங்கள் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்தோம், 1984இல்தான் பிரிந்தோம். 2001இல் இங்கே கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2012இல்தான் கிளிநொச்சிக்கு 1,13,510 பேர், முல்லைத்தீவுக்கு 92,238 பேர் என்று எண்ணிக்கை வந்தது. "இருபது வருடத்தில் இவ்வளவு வளர்ச்சி" என்று எழுதுமுன் எந்த வருடத்தோடு ஒப்பிடுகிறோம் என்று பாருங்கள்.

நான் அதிகம் திறப்பது நூலகம் தளத்தை. 2005இல் தொடங்கியது. ஈழத்துத் தமிழ்ப் புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் பழைய பத்திரிகைகளையும் ஸ்கான் செய்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். வன்னியில் எந்த வீட்டில் 2008க்கு முந்திய பேப்பர் கட்டு இருக்கிறது? இடம்பெயர்ந்த நேரம் அரிசியா பேப்பரா என்று யோசிக்க ஒருவருக்கும் அவகாசம் இருக்கவில்லை. ஊரைப் பற்றி அந்தக் காலத்தில் என்ன எழுதினார்கள் என்று தேட, நமக்கு அலுமாரி அதுதான்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் பற்றியும் கேட்கிறீர்கள். அது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. செய்தியாளருக்கு மட்டுமல்ல, எந்தப் பிரஜையும் அரச அலுவலகங்களிடம் தகவல் கேட்கலாம். குளத்துக்கட்டு திருத்தம் எவ்வளவுக்குக் கொந்தராத்துக் கொடுத்தார்கள் என்று அந்த ஊர்க் கமக்காரரே எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். மாதிரிப் படிவத்தை அந்தக் கணினியில் வைத்திருக்கிறேன். அது கட்டாயமுமில்லை, வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும். கொடுத்தவுடன் எழுத்தில் ஏற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதை வாங்காமல் வந்துவிட்டு என்னிடம் குறைப்பட்டவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள்.

அப்புறம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. இனிமேல் பாமினியில் அடித்த செய்தியை அப்படியே அனுப்பமாட்டோம், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட்டுக்கு மாற்றித்தான் அனுப்புவோம். பாமினி இல்லாத இடத்தில் அதைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். நாளைக்கு நீங்களே உங்கள் செய்தியைத் தேடினாலும் அகப்படாது. மாற்றும்போது கொம்பும் புள்ளியும் சிலவேளை இடம் மாறுகின்றன. அதனால் பெயர்களை ஒருதரம் வாசித்துப் பார்த்துவிட்டு "சரி" சொல்லுங்கள்.

அந்தக் கணினியில் முதல் அரை மணித்தியாலத்துக்குக் காசில்லை. பிரின்ட், போட்டோக்கொப்பிக்கு வழமையான கட்டணம். அந்த நேரத்தில் செய்தியாளர் ஒருவரும் இல்லையென்றால் யாரும் இருக்கலாம். மகளின் விண்ணப்பத்தோடு வந்த அம்மாவுக்கும் அதையே சொன்னேன். அன்றைக்கு அவர் எழும்பும்போது தன் ஊர் வீதிக்கான தகவல் கோரிக்கை ஒன்றையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு போனார்.

மழை நாட்களில் கரண்ட் போனால் பட்டரி இருபது நிமிடம்தான் தாங்கும். எழுதியதை உங்கள் பென் ட்ரைவிலும் சேமித்து வையுங்கள்.

இப்படிக்கு,
கடைக்காரத் தம்பி
கிளிநொச்சி