அக்டோபர் 29: பெயர் வாசிப்பு

உறுப்பினர்களுக்கு வணக்கம். சோவியத் அரசியல் ஒடுக்குமுறைக்குப் பலியானோரின் நினைவைக் காக்க 1980களின் இறுதியில் மாஸ்கோவில் உருவான மெமோரியல் அமைப்பு, 2007 முதல் அக்டோபர் 29 அன்று, வடக்கு ரஷ்யாவின் சலவெத்ஸ்கி தீவுகளில் இருந்த சோவியத் கைதிகள் முகாம் நிலத்திலிருந்து கொண்டுவரப்பட்டு 1990இல் மாஸ்கோவில் சோவியத் ரகசியக் காவல்துறைத் தலைமையகம் இருந்த லுபியான்கா சதுக்கத்தில் நிறுவப்பட்ட கல்லருகே, சுட்டுக்கொல்லப்பட்டவர்களின் பெயர், வயது, தொழில், இறந்த நாள் ஆகியவற்றை உரக்க வாசிக்கும் நிகழ்வைத் தொடங்கியது. 2021 டிசம்பரில் ரஷ்ய உச்ச நீதிமன்றம் அமைப்பைக் கலைக்க உத்தரவிட்ட பிறகும் (மறு ஆண்டே நோபல் அமைதிப் பரிசில் அதற்குப் பங்கு கிடைத்தது) பல நாடுகளில் வாசிப்பு தொடர்கிறது.

அன்று மாலை நம் குழுவிலும் ஒவ்வொருவரும் ஒரு பெயரைக் குரல்பதிவாக அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். தொழிலை விட்டுவிட வேண்டாம். கணக்கர், தச்சர் என்று கேட்கும்போதுதான் பட்டியல் மனிதர்களாகிறது. ஸ்டாலின் பற்றிய வழக்கமான விவாதத்தை மறுநாளுக்குத் தள்ளிவைக்கலாம்.