பால்சா விமானக் கிட்: கையேட்டை நம்புங்கள், ஆனால் நம் ஈரக்காற்றை மறக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நுரைப்பொருளில் செய்த ஆயத்த ரிமோட் விமானங்களைப் பறக்கவிட்டுப் பழகிய தோட்டப்புற இளைஞர்கள் பலர், அடுத்த கட்டமாகப் பால்சா என்ற மிக லேசான மரத்தில் வெட்டிய பாகங்களை நாமே ஒட்டிக் கட்டும் கிட்டுகளை வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். இது மிக நல்ல மாற்றம். ஆனால், அதிலும் அழகுக்காக அவர்கள் தேர்ந்தெடுக்கும், மேலும் கீழுமாக இரண்டு இறக்கைகள் கொண்ட இரட்டை இறக்கை விமானம் பாதிக் கட்டுமானத்தில் அலமாரி மேல் ஏறிவிடுகிறது; அல்லது முதல் பறப்பிலேயே விழுகிறது. பிள்ளைக்குக் கைத்திறன் இல்லை என்று பெற்றோர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறான முடிவு. பெரும்பாலான கையேடுகள் உலர்ந்த காற்றுள்ள குளிர்நாட்டு அறையில் கட்டுபவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மாதச் சராசரி ஈரப்பதம் 70 முதல் 90 விழுக்காடு வரை உள்ள நம் மலேசியாவில் எங்கெங்கே கவனம் கூட வேண்டும் என்பதை அவை சொல்வதில்லை. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இவ்வகை விமானங்களைக் கட்டியும் பழுதுபார்த்தும் வரும் நாங்கள், தங்கள் நாளிதழ் வழியாக அதைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் மரம். பால்சா பெரும்பாலும் ஈக்குவடோரிலிருந்து வருகிறது. கிட்டுகளில் இருக்கும் பால்சா ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 100 முதல் 200 கிலோ எடை கொண்டது. நம் ரப்பர் மரப் பலகை 600 கிலோவை ஒட்டி நிற்கும். இவ்வளவு லேசான மரம் ஈரத்தை விரைவாக உறிஞ்சும், எடை கூடும், ஒரு பக்கம் மட்டும் உறிஞ்சினால் வளையும். ஆகவே பெட்டியைத் திறந்த அன்றே எல்லாத் தகடுகளையும் பிரித்து மேசைமேல் பரப்பி வைக்காதீர்கள். அன்றைய வேலைக்கு உரியதை மட்டும் எடுங்கள். மற்றவற்றை இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளுடன், மேலே தட்டையான சுமை வைத்து அடுக்குங்கள். கட்டி முடித்த எலும்புக்கூட்டையும் உறை போடாமல் வாரக்கணக்கில் சுவரில் சாய்த்து வைக்கக் கூடாது. சாய்த்த பக்கமே வளைந்து நிற்கும்.

உடைந்த பாகத்துக்குப் பதிலாக உள்ளூர் மரம் போடலாமா என்று கேட்கிறார்கள். ஜெலுத்தோங் செதுக்க எளிதானது, நல்ல மரம். ஆனால் பால்சாவைப்போல் மூன்று மடங்கு கனம். சக்கரத் தாங்கியைப் பிடிக்கும் கட்டைக்கு அதைப் பயன்படுத்தலாம். இறக்கைக்கும் வாலுக்கும் ஆகாது.

பசையில் இரண்டு செய்திகள். சூப்பர் குளூ ஈரத்தால்தான் இறுகுகிறது. நம் காற்றில் அது மின்னல் வேகத்தில் பிடித்துக்கொள்ளும். பாகத்தைச் சரிசெய்ய நேரம் தராது. எனவே முதலில் பாகங்களைக் குண்டூசியால் சரியான இடத்தில் நிறுத்தி, செங்கோணத்தைச் சோதித்து, பிறகே மெல்லிய சூப்பர் குளூவை இணைப்பில் ஒரு சொட்டு விட வேண்டும். திறந்த புட்டி விரைவில் கெட்டியாகும்; சிலிக்கா ஜெல்லுடன் மூடிய டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்தால் நாள் நீடிக்கும். வெளியே எடுத்ததும் திறக்காமல், அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள், இல்லையென்றால் உள்ளேயே நீர் படியும். மாறாக, தச்சர்கள் பயன்படுத்தும் மஞ்சள் மரப்பசை இங்கே மெதுவாகவே காயும். கையேட்டில் ஒரு மணி நேரம் என்றிருந்தால், மழை நாளில் இரவு முழுவதும் பலகையிலிருந்து எடுக்காதீர்கள். மோட்டார் முகப்புப் பலகை, சக்கரத் தாங்கி, இறக்கையின் நடு இணைப்பு ஆகிய மூன்றுக்கும் இரு பகுதிகளைக் கலந்து பூசும் எப்பாக்சி பசையில், 30 நிமிட வகைதான் வேண்டும். ஐந்து நிமிட எப்பாக்சி வேலை சீக்கிரம் முடிய உதவும். அந்த இடங்களின் சுமைக்கு அதை நம்பக் கூடாது.

இறக்கையைக் கட்டும் பலகை துல்லியமாகத் தட்டையாக இருக்க வேண்டும். பழைய மரக்கதவு நன்றாக உதவும், ஆனால் நீண்ட இரும்பு அளவுகோலை நான்கு திசையிலும் வைத்துப் பார்த்த பிறகே நம்புங்கள். வரைபடத்தின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் விரிக்காவிட்டால் இறக்கை வரைபடத்தோடு ஒட்டிவிடும். வரைபடக் காகிதமும் ஈரத்தில் விரியும். ஒரு மீட்டர் நீளத்தில் சில மில்லிமீட்டர் மாறலாம். லேசரில் வெட்டிய பாகத்துக்கும் வரைபடத்துக்கும் பொருந்தவில்லையென்றால் பாகத்தை அறுக்காதீர்கள், பாகமே சரி. சில கிட்டுகளில் இடப்பக்க இறக்கைக்கு மட்டுமே வரைபடம் இருக்கும். காகிதத்தின் பின்புறம் சமையல் எண்ணெய் லேசாகத் தடவினால் கோடுகள் ஊடுருவித் தெரியும். திருப்பிப் போட்டு வலப்பக்கத்தைக் கட்டலாம்.

இனி இரட்டை இறக்கை விமானத்தின் உயிர்நிலைக்கு வருகிறோம். ஒற்றை இறக்கையில் சிறு கோணல் இருந்தால் ரிமோட்டில் திருத்திச் சமாளிக்கலாம். இரண்டு இறக்கைகள் ஒன்றுக்கொன்று கோணலாக நின்றால், ஒவ்வொரு வேகத்திலும் விமானம் வேறு வேறு பக்கம் இழுக்கும். எந்தத் திருத்தமும் நிலைக்காது. இறக்கையின் அகலம் 180 மில்லிமீட்டர் என்றால், முன்விளிம்பு ஒன்றரை மில்லிமீட்டர் உயர்ந்தாலே கோணம் அரை பாகை மாறிவிடும். இடமும் வலமும் அந்த அரை பாகைக்குள் ஒத்திருக்க வேண்டும். கண்ணால் பார்த்து இதைச் செய்ய முடியாது. கோணமானி ஒன்று வாங்குங்கள். கைப்பேசியின் சரிவு அளவியை நேரான மரச்சட்டத்தில் பொருத்தியும் ஒப்பிடலாம்.

வேலையின் வரிசையும் முக்கியம். உடற்பகுதியின் நடுக்கோடு மேசைக்கு இணையாக இருக்குமாறு அதை அசையாமல் நிறுத்துங்கள். கீழ் இறக்கையைப் பொருத்தி, ஒவ்வொரு இறக்கை நுனியிலிருந்தும் வால் முனைவரை நூல் பிடித்து அளவெடுங்கள். இரு பக்கமும் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வேறுபடக் கூடாது. பிறகு உடலுக்கும் மேல் இறக்கைக்கும் இடையிலான நடுத் தண்டுகள். இவை பெரும்பாலும் மூன்று மில்லிமீட்டர் எஃகுக் கம்பி. இணைப்புகளைச் செம்புக் கம்பியால் சுற்றி ஈயப்பற்று வைக்க வேண்டும். உப்புத்தாளால் தேய்த்துப் பளபளக்கச் செய்யாத கம்பியில் பற்று ஒட்டியதுபோல் தெரியும், முதல் முரட்டுத் தரையிறக்கத்தில் விட்டுவிடும். பற்று வைப்பதற்கு முன்பே மேல் இறக்கையைத் தண்டுகள் மேல் நிறுத்தி, கோணமும் நூல் அளவும் சரிபார்த்து, அட்டைச் சட்டங்களால் தாங்கிப் பிடித்த நிலையில் பற்று வையுங்கள். இரு இறக்கைகளுக்கும் இடையே எத்தனை பாகை வேறுபாடு வேண்டும் என்பது கிட்டுக்குக் கிட்டு மாறும். அதில் வரைபடம் சொல்வதே சட்டம்.

நுனிப்பக்கத்தில் இரு இறக்கைகளையும் இணைக்கும் தண்டுகளைக் கடைசியில்தான் போட வேண்டும். அவை தாமாகத் துளையில் அமர வேண்டும். இழுத்துப் பிடித்துத் திருகு முடுக்க வேண்டியிருந்தால் தண்டின் நீளமோ இறக்கையோ தவறு என்று பொருள். அப்படி முடுக்கினால் நேராக இருந்த இறக்கையும் முறுக்கிக்கொள்ளும். பழுதுக்கு வரும் விமானங்களில் நாங்கள் அதிகம் காணும் குறை இதுதான்.

அடுத்து எடை நிலை. பழைய இரட்டை இறக்கை விமானங்களின் மூக்கு குட்டையானது. கிட்டில் மின்மோட்டாரும் பேட்டரியும் அங்கேதான் இருக்கும் என்றாலும் வால் கனத்துப்போவது எளிது. ஈர்ப்பு மையத்திலிருந்து வால் 60 சென்டிமீட்டர், மூக்கு 20 சென்டிமீட்டர் என்றால், வாலில் கூடும் 10 கிராமுக்கு மூக்கில் 30 கிராம் ஈயம் வைக்க வேண்டும். எனவே கிட்டில் உள்ள தகடுகளை விரல் நகத்தால் அழுத்திப் பார்த்து, மிக மென்மையானதை வாலுக்கு ஒதுக்குங்கள். வாலில் பசையைக் கஞ்சத்தனமாகவே பயன்படுத்துங்கள்.

மேல் இறக்கை முன்னே தள்ளி இருக்கும் வடிவங்களில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. ஈர்ப்பு மையத்தை மேல் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 70 மில்லிமீட்டர் என்று வரைபடம் குறித்திருக்கும். கையில் எட்டுவது கீழ் இறக்கை என்பதால் அதிலிருந்து 70 அளந்துவிடுகிறார்கள். கீழ் இறக்கை 50 மில்லிமீட்டர் பின்னால் இருந்தால், மையம் அவ்வளவும் பின்னுக்குப் போய்விடும். அந்த விமானம் தரையை விட்டதும் மூக்கைத் தூக்கிக் கவிழும். எத்தனை அனுபவசாலி கையில் ரிமோட் இருந்தாலும் காப்பாற்ற முடியாது. எந்த விளிம்பிலிருந்து அளவு என்பதை வரைபடத்தில் இரண்டு முறை படியுங்கள். பேட்டரியை உள்ளே வைத்த பிறகே சோதியுங்கள்.

உறைக்கு வருவோம். சில பழைய கிட்டுகள் மெல்லிய காகிதமும் அதை இறுக்கும் டோப் என்ற அரக்குப் பூச்சும் சொல்லும். மழைக்கால மாலையில் டோப் பூசினால் வெள்ளை படியும். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிவதே காரணம். வெயில் நன்றாக ஏறிய முற்பகலில் பூசுங்கள், அல்லது இஸ்திரியால் ஒட்டும் பிளாஸ்டிக் உறைக்கு மாறிவிடுங்கள். உறையை முதலில் விளிம்புகளில் மட்டும் ஒட்டி, மேலும் கீழும் மாறிமாறிச் சுருக்குங்கள். ஒரே பக்கத்தை முழுதும் சுருக்கினால் இறக்கை முறுக்கும். முறுக்கிவிட்டால், எதிர்ப்பக்கமாகச் சற்றுக் கூடுதலாக முறுக்கிப் பிடித்துச் சூடு காட்டி, ஆறும்வரை கையை எடுக்காமல் இருந்தால் நேராகும். கட்டி முடித்த விமானத்தை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள். உள்ளே 60 பாகை செல்சியசைத் தாண்டலாம். உறை தளரும், இறக்கை முறுக்கும், லித்தியம் பேட்டரி வீங்கும்.

மின்கருவிகளில் பெரிய சிக்கல் இல்லை. மேல் இறக்கை ஒரு மீட்டர், மொத்த எடை 1.3 கிலோ என்ற அளவில் உள்ள விமானத்துக்கு 300 வாட் தரும் மோட்டார், 40 ஆம்பியர் வேகக் கட்டுப்படுத்தி, மூன்று செல் 2200 மில்லியாம்பியர்-மணி பேட்டரி, இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் 9 கிராம் சர்வோ நான்கு போதும். பேட்டரியை 2.2 ஆம்பியரில் ஏற்றுங்கள், பக்கத்தில் ஆளில்லாமல் ஏற்றாதீர்கள். ரிமோட் தொடர்பு அறுந்தால் மோட்டார் தானாக நிற்கும்படி, விமானத்துக்குள் இருந்து ரிமோட்டின் சைகையைப் பெறும் ரிசீவரை அமைத்து, புரொபெல்லரைக் கழற்றிவிட்டு அதைச் சோதியுங்கள்.

பறக்கவிடும் இடமும் நேரமும் நம் ஊரில் தனிக் கவனம் கேட்பவை. காலை ஏழரையிலிருந்து பத்து வரை காற்று அடங்கியிருக்கும். ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். மதியத்துக்கு மேல் வேண்டாம். திடலின் புல் நீளமாக இருந்தால் இவ்வகை விமானம் ஓடும்போதே மூக்குக் குத்தும். 65 மில்லிமீட்டருக்குக் குறையாத சக்கரம் போடுங்கள். இரண்டு இறக்கைகளும் அவற்றின் தண்டுகளும் காற்றை அதிகம் தடுப்பதால், மோட்டாரை நிறுத்தியதும் வேகம் சட்டென்று விழும். சக்கரம் தரையைத் தொடும்வரை கொஞ்சம் விசை கொடுத்தே இறக்குங்கள். செம்பனைத் தோப்புக்குள் விழுந்த விமானத்தை மட்டைகளுக்கு நடுவே கண்ணால் தேடுவது வீண். தொலைந்தால் ஒலி எழுப்பும் சிறு கருவியை உள்ளே வையுங்கள். எலிகளைத் தேடி நாகங்கள் வரும் இடம் அது. பிள்ளைகளைக் காலணி இல்லாமல் உள்ளே அனுப்பாதீர்கள்.

சட்டத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். 2016-ஆம் ஆண்டின் சிவில் விமானப் போக்குவரத்து விதிமுறைகள்படி, அனுமதியின்றி 400 அடிக்கு மேலும் விமான நிலையப் போக்குவரத்து எல்லைக்குள்ளும் இவற்றைப் பறக்கவிடக் கூடாது. ஈப்போவின் சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையம் நமக்கு வெகுதொலைவில் இல்லை. உங்கள் திடலின் நிலையை மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

தங்கள் வழியாக இரு வேண்டுகோள்கள். தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் புறப்பாட நடவடிக்கையாக ஒரு கிட்டை வாங்கி, பத்து மாணவர் சேர்ந்து கட்ட ஏற்பாடு செய்யலாம். கோணம், எடைச்சமன், அளவு எல்லாம் அவர்கள் பாடத்தில் படிப்பவைதாம். தோட்ட நிர்வாகங்கள் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் தங்கள் திடலைப் பயன்படுத்த எழுத்துப்பூர்வ அனுமதி தர வேண்டும். உயர் அழுத்த மின்கம்பிகள் அருகில் இல்லாத திடலாக அது இருக்கட்டும்.

இப்படிக்கு,
மாதிரி விமான ஆர்வலர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்.