மங்குஸ்தீனைத் திருப்பிப் பார்

அன்புள்ள பாப்பா,

"வரைய ஒண்ணுமே தோண மாட்டேங்குது அத்தே" என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நீ அனுப்பியதைக் காலையில் எம்ஆர்டி ரயிலில்தான் பார்த்தேன். பதில் நீளும் போலிருந்தது, அதனால் இங்கேயே எழுதுகிறேன். உன்னைப் போல வெறும் நோட்டை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும்.

போன வாரம் மரினா பேயில் தாமரை மாதிரி இருக்கும் ஆர்ட்சயன்ஸ் மியூசியத்துக்குப் போய், வெளிச்ச அறையில் நாற்பது படம் எடுத்து வந்தாய். அழகுதான். ஆனால் அது வேறு யாரோ யோசித்து முடித்தது. நீ அதற்கு முந்தின இடத்தைப் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரின் முதல் ரெசிடென்ட், அதாவது பிரிட்டிஷ் நிர்வாகி, வில்லியம் ஃபார்குவார், அதற்கு முன் 1803 முதல் 1818 வரை மலாக்காவில் இருந்தவர். அந்த வட்டாரத்துச் செடிகொடிகளையும் விலங்குகளையும் வரைந்து தரச் சீன ஓவியர்களை அமர்த்தினார். அந்த 477 படங்கள் இப்போது நம் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கின்றன. வரைந்தவர்கள் யார் யாரென்று தெரியவில்லை. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

மனசுக்குத் தோன்றியதை வரையும் வேலை இல்லை அது. படத்தைப் பார்த்தே இன்ன உயிர் என்று சொல்ல முடிய வேண்டும். இலை நரம்பையோ இறகின் வரிசையையோ விட்டுவிட முடியாது. அந்தக் கட்டாயத்துக்குள்தான் அவர்கள் கை விளையாடியிருக்கிறது. சில படங்களில் சீன ஓவியத்து மலையும் பாறையும் சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்கும்! 2016-இல் ஜப்பானின் டீம்லேப் என்ற டிஜிட்டல் கலைக் குழு இவற்றில் 69 படங்களை எடுத்து, அசையும் உருவங்களாக்கி, அதே அரும்பொருளகத்தின் கண்ணாடிக் கூடத்துக்குள் காடாக நடமாட விட்டது. இருநூறு வருஷத்துக்கு முன் ஒருவர் காலைக் காலாக வரைந்து வைத்ததால்தான் அந்த மிருகங்களை நடக்க வைக்க முடிந்தது என்பேன்.

சரி, உன் விஷயம். நேற்று தேக்கா சந்தையில் மங்குஸ்தீன் பழம் வாங்கினேன். காம்புப் பக்கத்தை விடு, கவிழ்த்து அடியைப் பார். பூவின் சூல்முடி (மகரந்தத்தை வாங்கும் நுனி) காய்ந்து, குட்டிப் பூ மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. ஆறு எண்ணினேன். உடைத்தேன், ஆறேதான். ஒன்று மட்டும் பருத்திருந்தது, கொட்டை அதற்குள். ஓட்டின் சாறு விரலில் கறையாகி, சோப்புப் போட்டும் போகவில்லை. இந்தக் கறையையே மையாக வைத்து வரைந்தால் என்ன என்று கை துறுதுறுத்தது. எனக்குக் கோடு போடவே வராது, உனக்குத் தெரியும்.

மீதிப் பழங்கள் ஃபிரிட்ஜில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு வா, போனை அம்மாவிடம் கொடுத்துவிடு. எண்ணிய பிறகுதான் உடைக்க விடுவேன்.

அத்தை