நாலு மாதமா, ஆறு மாதமா?

அன்புள்ள கார்த்திக்கு,

ராத்திரி நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். காசநோய் சிகிச்சை இனி நாலே மாதத்தில் முடிந்துவிடும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள், அதற்குக் கீழே நீ "அப்புறம் எனக்கு மட்டும் எதுக்கும்மா ஆறு மாசம்?" என்று கேட்டிருக்கிறாய். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சர்வீஸ் முழுக்க அரசு ஆஸ்பத்திரி லேபில் சளி ஸ்லைடு பார்த்தவளிடம் கேட்டிருக்கிறாய், பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில், அந்தச் செய்தி பொய் இல்லை. 2021இல் அந்த ஆய்வு வெளிவந்தது, 13 நாடுகளில் 2,500 பேருக்கு மேல் சேர்த்து நடத்தினார்கள். ரிஃபாபென்டின், மாக்ஸிஃப்ளாக்சசின் இரண்டையும் மற்ற மருந்துகளோடு சேர்த்து 4 மாதம் தினமும் கொடுத்தால் பழைய 6 மாத சிகிச்சைக்கு ஈடாகக் குணமாகிறது என்று தெரிந்தது. அடுத்த வருடம் உலக சுகாதார நிறுவனமும் 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இதைக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. ஆனால் உன் அட்டையைத் திருப்பிப் பார். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பூட்டால் என்று இருக்கும். அவர்கள் கொடுத்த மாத்திரை வேறு, உன் மாத்திரை வேறு. அதே ஆய்வில் இன்னொரு குழுவுக்கு மாக்ஸிஃப்ளாக்சசின் இல்லாமல் ரிஃபாபென்டினை வைத்தே 4 மாதம் கொடுத்துப் பார்த்தார்கள், அது தேறவில்லை. ஒரே ஒரு மருந்து மாறியதற்கே அப்படி. நீ உன் மாத்திரையை நாலாவது மாதத்தில் நிறுத்தினால் அது புதிய சிகிச்சை ஆகிவிடாது, பாதியில் விட்ட பழைய சிகிச்சை, அவ்வளவுதான்.

"ஆனா நல்லாத்தானே இருக்கேன்" என்பாய். தெரியும். இருமல் நின்றுவிட்டது, சாயங்காலக் காய்ச்சல் இல்லை, எடையும் ஏறுகிறது. அதெல்லாம் மருந்து வேலை செய்வதற்கு அடையாளம்தான், முடிந்துவிட்டதற்கு அடையாளம் இல்லை. வேகமாகப் பெருகுகிற கிருமிகள் முதல் சில நாட்களிலேயே கொத்துக் கொத்தாகச் செத்துவிடும், ஐசோனியசிட் அந்த வேலையைப் பிரமாதமாகச் செய்யும். உன்னைப் படுத்தியது பெரும்பாலும் அந்தக் கூட்டம்தான். மிச்சம் இருப்பவை பெருகாமல் மந்தமாகக் கிடக்கும். பெருகும்போதுதான் பல மருந்துகளால் கிருமியைக் கொல்ல முடியும், சும்மா கிடப்பதை ஒன்றும் செய்ய முடியாது. எப்போதாவது அசையும்போது பிடித்துக் கொல்வதற்கு ரிஃபாம்பிசின் இரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். உன் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது என்று முதல் வாரம் பயந்து போன் செய்தாயே, அந்த மருந்துதான். கடைசி நாலு மாதம் இந்த மந்தக் கிருமிகளுக்காகத்தான்.

நாங்கள் ஸ்லைடு பார்த்த கதையைச் சொன்னால் இது இன்னும் புரியும். சளியைக் கண்ணாடித் துண்டில் மெல்லிசாகத் தேய்த்துக் காயவைத்து, கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றி, அடியில் தீ காட்டுவோம். ஆவி வர வேண்டும், கொதிக்கக் கூடாது. பிறகு அமிலம் ஊற்றிக் கழுவினால் மற்ற எல்லாவற்றிலும் சிவப்பு போய்விடும், காசநோய்க் கிருமியின் மேல் மட்டும் போகாது. நீலச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால் நீலத்துக்கு நடுவே சின்னச் சின்னச் சிவப்புக் குச்சிகள். ஒன்றுகூட இல்லையென்றால் 100 இடம் பார்த்த பிறகுதான் நெகட்டிவ் என்று எழுதலாம். இத்தனை செய்தும், ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமியாவது இருந்தால்தான் கண்ணில் படும். அதனால் இரண்டாம் மாத முடிவில் எடுக்கும் உன் சளியில் நெகட்டிவ் வந்தால் அதற்கு அர்த்தம் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதுதான்.

இப்போது சென்னைக்கு வருகிறேன். சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறதல்லவா, அங்கேயும் இந்த 4 மாத ஆசையைச் சோதித்துப் பார்த்தார்கள். மாக்ஸிஃப்ளாக்சசின் அல்லது காட்டிஃப்ளாக்சசினைச் சேர்த்து, வாரம் மூன்று நாள் வீதம் 4 மாதம். மருந்து முடிகிற வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதன் பிறகு ஒவ்வொருவராக நோய் திரும்பி வர ஆரம்பித்தது, பழைய 6 மாத சிகிச்சை எடுத்தவர்களைவிட அதிகம் பேருக்கு. ஆய்வை மேற்பார்வை பார்த்த குழு நடுவிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டது. 2013இல் அந்த முடிவு வெளியானது. அடுத்த வருடமே, தினமும் மாக்ஸிஃப்ளாக்சசின் கொடுத்த இன்னொரு பெரிய பன்னாட்டு ஆய்வும் வந்தது, 1,900 பேருக்கு மேல். அதில் வேடிக்கை என்னவென்றால், புது மருந்து எடுத்தவர்களுக்குச் சளி சீக்கிரமாகவே சுத்தமாகிவிட்டது, ஆனாலும் 4 மாதத்தில் நிறுத்தியதும் நோய் திரும்பியது அவர்களுக்குத்தான் அதிகம். சளி சுத்தமானால் நோயும் போய்விட்டது என்ற நம்பிக்கைக்கு விழுந்த அடி அது. எனக்கு இந்த ஆய்வுகள் ரொம்பப் பிடிக்கும். ஜெயித்த ஆய்வைத்தான் பத்திரிகைக்காரர்கள் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள், தோற்ற ஆய்வுதான் என்னைக் கேட்டால் நோயாளிக்கு உண்மையைச் சொல்கிறது.

நீ வக்கீல் மாதிரி வாதாடுவாய் என்பதால் உன் பக்கத்து நியாயத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். உன் மாத்திரையிலேயே உள்ள மருந்துகளை வைத்து 4 மாதம் போதும் என்று நிரூபித்த ஆய்வும் இருக்கிறது, சென்னைக் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, அதிலும் நோய் முற்றாத குழந்தைகளுக்கு மட்டும். உனக்கு வயது 27, மேல் நுரையீரலில் குழி விழுந்த எக்ஸ்ரே. பெரியவர்களிலும் லேசான நோய் உள்ள பலருக்கு 4 மாதமே போதுமாக இருக்கலாம் என்று 2018இல் மூன்று ஆய்வுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆனால் குழி விழுந்து, சளியில் கிருமி நிறைய இருந்தவர்களுக்கு ஆறு மாதமே போதாமலும் போகலாம் என்பதையும் அவர்களேதான் சொன்னார்கள். அப்புறம் இன்னொன்று, இதை உன் போன் ஸ்கிரீனில் எழுதி வைத்துக்கொள்: பத்தில் ஒரு வேளை மாத்திரையைத் தவறவிட்டவர்களுக்கே சிகிச்சை கெட்டுப்போகும் ஆபத்து கிட்டத்தட்ட ஆறு மடங்கு. பத்தில் ஒன்று என்றால் மாதத்துக்கு மூன்று நாள்.

தினமும் ரயிலில் குரோம்பேட்டைக்கு முந்தின ஸ்டேஷனைத் தாண்டிப் போகிறாயே, தாம்பரம் சானடோரியம், அந்தப் பெயரே இந்த நோயால் வந்ததுதான். 1928இல் டாக்டர் சௌரி முத்து அங்கே காசநோய் இல்லம் தொடங்கினார். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுக்கை ஓய்வு, வருடக்கணக்கில். பிறகு மருந்துகள் வந்தன, ஆனால் இத்தனை லட்சம் பேருக்குப் படுக்கைக்கு எங்கே போவது? 1956இல் சென்னையில் ஆராய்ச்சி மையம் தொடங்கி, ஏழைக் குடும்பத்து நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு சானடோரியத்திலும் பாதிப் பேருக்கு அவரவர் வீட்டிலும் ஒரு வருடம் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். நெருக்கடியான வீடு, அரைகுறைச் சாப்பாடு, வேலைக்குப் போய்வருகிற உடம்பு, இத்தனைக்கும் வீட்டிலிருந்தவர்களுக்கு ஏறக்குறைய சானடோரியம் அளவுக்கே குணமானது. வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை. 1959இல் அது வெளியானபோது உலகமே சானடோரியங்களை மூட ஆரம்பித்தது. நீ இன்று லீவு போடாமல் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டே சிகிச்சை எடுக்க முடிகிறது என்றால் அந்த 193 நோயாளிகளால்தான்.

உனக்கு நோயைக் கண்டுபிடித்த விதத்தில் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. உன் ஆபீஸ் பக்கத்து கிளினிக்கில் மூன்று வாரத்து இருமலுக்குச் சளிப் பரிசோதனை கேட்காமல் லீவோஃப்ளாக்சசின் கொடுத்தார்கள். அது காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் தட்டி வைக்கும், நோயாளி தேறிவிட்ட மாதிரி இருக்கும், நோய் உள்ளே வளரும். கடைசியில் முகாமில் எடுத்த எக்ஸ்ரேதான் காட்டிக்கொடுத்தது. எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டர் படிப்பதை நான் முதலில் நம்பவில்லை, ஆனால் 2021இலேயே உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டர் முடிவு சொல்வதில்லை, யாருக்குச் சளி பார்க்க வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கிறது. பிறகு ட்ரூநாட். கோவாவில் செய்த பேட்டரி மெஷின், கிருமியின் மரபணுவைத் தேடிப் பிடிக்கும், ரிஃபாம்பிசின் கேட்குமா கேட்காதா என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடும். நாங்கள் அதற்குக் கல்ச்சர் போட்டு, அதாவது சளியிலிருந்து கிருமியை வளர்த்து, வாரக்கணக்கில் காத்திருந்தோம்.

அந்த ரிஃபாம்பிசின் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். லேப் ஜன்னலுக்கு வரும் ஒரு லாரி டிரைவர், மாத்திரையைப் பாதியில் விட்டுவிட்டு இரண்டு முறை திரும்பி வந்தவர். மருந்து கேட்காத காசநோய் ஆகிவிட்டது. அப்போது இரண்டு வருட சிகிச்சை, அதில் மாதக்கணக்கில் கானமைசின் ஊசி. சளி டப்பாவில் எழுத அவர் பெயரை நான் கேட்கும்போதெல்லாம் என் வாயையே உற்றுப் பார்ப்பார், ஊசி காதைக் கெடுத்துவிட்டது. இன்று அந்த ஊசியே கிடையாது. பெடாகுவிலின், ப்ரெடோமனிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் நாலும் சேர்ந்த மாத்திரைகள், 6 மாதம். 2022இல் வந்த ஆய்வில் இதை எடுத்தவர்களில் 100க்கு 89 பேருக்கு நல்லபடியாக முடிந்தது, பழைய முறையில் 52 பேருக்குத்தான். 2024 செப்டம்பரில் இந்தியாவும் அனுமதி கொடுத்துவிட்டது. இருந்தாலும் லினசோலிட் லேசான மருந்து இல்லை, இரத்தத்தையும் நரம்பையும் படுத்தும். அந்த வரிசையில் நீ போய் நிற்க வேண்டாம்.

சாப்பாடு. இதைச் சொல்லாவிட்டால் அப்பா என்னைச் சும்மா விடமாட்டார். ஜார்க்கண்டில் நம் சென்னை நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023இல் வந்தது. நோயாளிகளுக்கு மாதா மாதம் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் கொடுத்தார்கள், பாதிக் குடும்பங்களில் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் அரிசி பருப்பு கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 முதல் 48 சதவீதம் வரை குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் நோயாளிக்கு எடை 5 சதவீதம் ஏறினால் சாவு ஆபத்து 61 சதவீதம் குறைவு. நீ 54 கிலோவில் ஆரம்பித்தாய், அப்படியென்றால் 57 ஆக வேண்டும். போன வாரம் 56 என்றாய். தினமும் இரண்டு முட்டை, ராத்திரிக்கு ஒரு பிடி வேர்க்கடலை, நூடுல்ஸ் வேண்டாம். அரசு தருகிற மாதம் 1,000 ரூபாய் உன் அக்கவுண்டில் விழுகிறதா என்றும் பார், அதை வாங்குவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

ரூமில் இருக்கும் இரண்டு பையன்களிடமும் இந்த வாரமே சொல்லிவிடு. சரியான மாத்திரை ஆரம்பித்துச் சில வாரங்களிலேயே உன்னால் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும், ஆனால் அதற்கு முன்னால் மாதக்கணக்கில் அதே ஏசி ரூமில் ஜன்னலைத் திறக்காமல் தூங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு எக்ஸ்ரே எடுக்கட்டும். நோய் இல்லையென்றால் தடுப்பு மாத்திரை இருக்கிறது, வாரம் ஒரு நாள் வீதம் 12 வாரம். அதிலும் அந்த ரிஃபாபென்டின்தான், நீ அனுப்பிய செய்தியில் வந்த அதே ஆசாமி. நீ சொல்லத் தயங்கினால் எனக்கு அவர்கள் நம்பரை அனுப்பு, நான் பேசுகிறேன்.

வெறும் வயிற்றில் மாத்திரை, அரை மணி நேரம் கழித்து இட்லி. சிவப்பும் பச்சையும் குழம்பினால் அல்லது பார்வை மங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் போ, எத்தாம்பூட்டால் கண்ணைத் தொடும். கண் மஞ்சளானாலும் வாந்தி நிற்காமல் வந்தாலும் அப்படித்தான், நீயாக எதையும் நிறுத்தாதே, எதையும் கூட்டாதே. இரண்டாம் மாதச் சளி ரிசல்ட் வந்ததும் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. நெகட்டிவ் என்று தெரிந்தால் உன் ஆபீஸ் பசங்க பார்ட்டி கேட்பார்கள். பிரியாணி வாங்கிக் கொடு, நீயும் நன்றாகச் சாப்பிடு. பீர் மட்டும் வேண்டாம், உன் ஈரலுக்கு இப்போதே கைநிறைய வேலை இருக்கிறது.

அன்புடன்,
அம்மா