ஜோசப் லீ ஹேவுட் அவர்களுக்கு ஒரு கடிதம்

மதிப்புக்குரிய ஹேவுட் ஐயா,

மினசோட்டா மாநிலத்தில் உங்கள் நார்த்ஃபீல்ட் ஊரார் ஆண்டுதோறும் செப்டம்பரில் விழா எடுக்கிறார்கள். உங்கள் கல்லறையில் அஞ்சலியும் செலுத்துகிறார்கள். ஆனால் விழாவின் பெயரில் இருப்பது கொள்ளைக்காரன் ஜெஸ்ஸி ஜேம்ஸ். அவனை ஊர் உலகத்துக்கே தெரியும், உங்களைச் சொன்னால் "யார் அவர்?" என்கிறார்கள். அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

உங்கள் காலத்துச் சிற்றூர் வங்கியில் கேஷியர்தான் எல்லாம். யாருக்குக் கடன் கொடுப்பது என்று பார்ப்பதிலிருந்து பேரேடு, பெட்டகம் வரை அவர் பொறுப்பு. வங்கி வெளியிட்ட டாலர் நோட்டில்கூட தலைவரோடு அவரும் கையெழுத்திட வேண்டும். நீங்கள் ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கியின் கணக்கர். கேஷியர் ஃபிலிப்ஸ் பிலடெல்ஃபியாவில் நடந்த அமெரிக்க விடுதலை நூற்றாண்டுக் கண்காட்சிக்குப் போயிருந்ததால் அவர் வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

1876 செப்டம்பர் 7. ஜெஸ்ஸி ஜேம்ஸ் கூட்டத்தைச் சேர்ந்த மூன்று பேர் வங்கிக்குள் புகுந்து கவுண்டரைத் தாண்டிக் குதித்தார்கள். "பெட்டகத்தைத் திற" என்றார்கள். குறித்த நேரத்தில் மட்டுமே திறக்கும் நேரப் பூட்டு போட்டிருக்கிறது, திறக்க முடியாது என்றீர்கள். அடித்தார்கள். கழுத்தில் கத்தியை வைத்துக் கீறினார்கள். காதருகே சுட்டு மிரட்டினார்கள். நீங்கள் அசையவில்லை. உண்மையில் பெட்டகக் கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது. பிடித்து இழுத்திருந்தால் திறந்திருக்கும். உள்ளே சுமார் 15,000 டாலர். ஒருவனுக்கும் இழுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. வெளியே ஊரார் துப்பாக்கியோடு திரண்டுவிட, தப்பி ஓடும்போது ஒருவன் உங்களைத் தலையில் சுட்டுவிட்டுப் போனான். அவர்களுக்குக் கிடைத்தது 26 டாலர் 70 சென்ட்.

டெபாசிட்டுக்கு அரசுக் காப்பீடு வந்தது 1933-க்குப் பிறகுதான். அன்று அந்தப் பணம் போயிருந்தால் உங்கள் ஊர்க்காரர்கள் சேமிப்புக்கு யார் பொறுப்பேற்றிருப்பார்கள்? கார்ல்டன் கல்லூரிக்கும் நீங்களே பொருளாளர். அடுத்தவர் காசைக் காப்பது உங்கள் அன்றாட வேலை.

இருந்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை, ஐயா. உங்களுக்கு வயது 39. மகள் மே சின்னஞ்சிறு பெண். இன்று வங்கி ஊழியர்களுக்கு, ஆயுதத்தோடு வந்தால் பணத்தைக் கொடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்லித் தருகிறார்கள். அதுவே சரி என்பேன். அதற்காக நீங்கள் நின்ற நிலையைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த வங்கிகள், உங்களை நேரில் பார்த்தே இராதவர்கள், பணம் திரட்டி 12,000 டாலருக்கு மேல் உங்கள் மனைவி லிஸ்ஸிக்கும் மேவுக்கும் அனுப்பினார்கள். இந்தச் செய்தியை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

மிகுந்த மரியாதையுடன்,
தமிழ் வாசகன் ஒருவன்