கூட்டத்துக்கு வராத சனம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையில் கிராம அபிவிருத்தி பற்றி வந்த கட்டுரையை எங்கள் சனசமூக நிலையத்தில் இருந்து இரண்டு தரம் வாசித்தேன். நல்ல கட்டுரை. படமும் நல்ல படம். ஒரே ஒரு வரிதான் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. திட்டமிடல் கூட்டங்களுக்கு மக்கள் வருவதில்லையாம், கிராமங்கள் பின்தங்கிக் கிடப்பதற்கு அந்த அக்கறையின்மைதான் முதற் காரணமாம்.

எழுதியவர் எந்தக் கூட்டத்துக்கு வந்து எங்களைத் தேடினாரோ தெரியாது. நான் எங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஒன்பது வருடம் பொருளாளராக இருந்தவள். கூட்டக் குறிப்புப் புத்தகங்கள் இன்னும் என் அலுமாரியில்தான் இருக்கின்றன. கூட்டம் எப்போதும் வேலை நாளில், காலை பத்து மணிக்கு. அறிவித்தல் வருவது முதல்நாள் பின்னேரம். வெங்காயம் நடுகிற காலத்தில், இறைப்பு முறை விட்டுப்போனால் பயிர் வாடும் என்ற நிலையில், பத்து மணிக்கு யார் வருவார்கள்? ஓய்வூதியம் எடுப்பவர்களும் என்னைப் போன்ற நாரி பிடித்த கிழவிகளும் வருவோம். அதிகாரி பதினொன்றரைக்கு வருவார். வரவு இடாப்பில் கையெழுத்து, தேநீர், பிஸ்கட், குழுப் படம். அந்தப் படத்தைத்தான் நீங்களும் போடுவீர்கள்.

ஊர்ப்படம் கீறுவது இன்னொரு கூத்து. சண்டை முடிந்த பிறகு வந்த ஒவ்வொரு நிறுவனமும் எங்களைப் பிறிஸ்டல் அட்டையில் ஊரைக் கீறச் சொன்னது. நானே நாலு தரம் கீறியிருக்கிறேன். குளத்துக்கு நீலம், வயலுக்குப் பச்சை, வெள்ளம் நிற்கிற இடத்துக்குச் சிவப்பு. நாலு படத்திலும் சிவப்பு ஒரே இடத்தில்தான். ஒன்றைச் சுருட்டி அலுமாரிக்குப் பின்னால் வைத்தேன், கறையான் பாதி தின்றுவிட்டது. மற்ற மூன்றையும் எது தின்றதோ.

சரி, வெள்ளத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் யாழ்ப்பாணக் குடாநாட்டில், வழுக்கியாற்றுக் கரையில் இருக்கிறது. வெளியூரார் வந்து பார்த்தால் இது ஆறா என்று சிரிப்பார்கள். தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, குளம் குளமாகத் தொட்டுக்கொண்டு வந்து அராலியில் கடல்நீரேரியில் விழுகிற வெறும் மாரிகால வாய்க்கால். ஆனால் குடாநாட்டில் ஆறு என்று சொல்ல வேறு என்ன இருக்கிறது? ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழைதான் எங்கள் வருடக் கணக்கின் பெரும்பங்கு. அது குளத்தில் நின்று, சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கிணற்றில் ஊறினால்தான் வைகாசியில் இறைக்கலாம். குளம் குளிக்க மட்டுமில்லை ஐயா, கிணற்றுக்காகவும்தான். இதை எங்கள் அப்பு பள்ளிக்கூடம் போகாமலே அறிந்திருந்தார். பள்ளக் காணிக்குள் யாரும் வீடு கட்டவில்லை. வாய்க்காலை மறித்து யாரும் மதில் எழுப்பவில்லை. கோயிலடியில் கேணி, சந்தியில் சுமைதாங்கி, குளக்கரையில் மாடுகள் உடம்பை உரஞ்ச ஆவுரஞ்சிக்கல் என்று வைத்தவர்கள் எந்தத் திட்டமிடல் செயலமர்வுக்கும் போனவர்கள் இல்லை.

எங்கள் ஒழுங்கை இப்போது கொங்கிறீற். கேட்டது நாங்கள்தான், மறுக்கவில்லை. எந்தத் திட்டத்தில், யார் போட்டது என்று எழுத விரும்பவில்லை. கம் உதாவ, மகநெகும, கம்பெரலிய, சப்ரிகமக் என்று பலகைகளில் அரசாங்கத் திட்டங்களின் சிங்களப் பெயர் மாறி மாறி வந்தது, ஒன்றுக்கும் எங்களுக்குப் பொருள் விளங்கியதில்லை. பழைய கிறவலை வாராமல் அதற்கு மேலேயே கொட்டினார்கள். பக்கத்தில் வாய்க்கால் விடவில்லை. பூவரசடியில் ஒழுங்கையைக் குறுக்கறுத்து ஒரு பழைய மதகு இருந்தது, அதையும் மூடிவிட்டார்கள். முன்பு என் படலையால் இறங்கித்தான் ஒழுங்கைக்குப் போவேன். இப்போது ஒழுங்கையில் இருந்து இறங்கித்தான் வளவுக்குள் வருகிறேன். தடி பிடித்து அளந்தேன், ஒரு சாணும் நாலு விரலும்.

2008இல் நிஷா புயல் மழையிலும் 2020இல் புரேவியிலும் வெள்ளம் என் முற்றத்தைத் தொட்டுவிட்டு அந்த மதகு வழியே வடிந்தது. கொங்கிறீற் போட்ட பிறகு, 2024 கார்த்திகையில், மூன்று நாள் வடியவில்லை. மலசலகூடக் குழி நிரம்பி, அந்தத் தண்ணீர் கிணற்றுக் கட்டைத் தாண்டிப் போனதை விளக்கு வெளிச்சத்தில் நின்று பார்த்தேன். இரண்டு பரப்புக் காணியில் குழியையும் கிணற்றையும் எவ்வளவு தூரத்தில்தான் வைப்பது? மூன்று தரம் கிணறு இறைத்தோம். மாசி பிறக்கும் வரை குடிக்கவும் சமைக்கவும் காசு கொடுத்துத் தண்ணீர். ஒழுங்கை முகப்பில் செலவுத் தொகையோடு நின்ற பலகை மட்டும் நனையவில்லை. அதை உயரத்தில்தான் நாட்டியிருந்தார்கள்.

முறையிடவில்லையா என்று கேட்பீர்கள். முறையிட்டேன். யாரிடம் என்பதுதான் கேள்வி. உங்களுக்குத் தெரியாத கதையா? ஊரவரே ஊரை நடத்திய கிராம சபைகளை 1981இல் இல்லாமல் செய்தார்கள். பிறகு பிரதேச சபை என்றார்கள். அதுவும் 2023 மார்ச்சில் கலைந்து, 2025 மே தேர்தலுக்குப் பிறகுதான் திரும்பக் கூடியது. மாகாண சபையோ 2018 ஐப்பசியில் காலம் முடிந்து போனது போனதுதான். வெள்ளம் வந்த நேரம் எங்கள் வட்டாரத்துக்கு உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. ஓர் அலுவலகத்தில் அது வீதிக்காரரின் பொறுப்பு என்றார்கள். வீதிக்காரர் அது வடிகால் என்றார்கள். இன்னோர் இடத்தில், எங்கள் ஒழுங்கை அவர்களுடைய பட்டியலிலேயே இல்லை என்றார்கள். பலகை இருக்கிறதே என்றேன். பலகை வேறு, பட்டியல் வேறாம்.

பெரிய திட்டங்களின் கதையும் இதுதான். ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கி வடமராட்சிக்குக் கொண்டுவரப் பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் போட்ட ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டம் பாதியில் நின்றது. என் அப்பு அதைப் பற்றிப் பேசிப் பேசியே கண்ணை மூடினார். நான் ஆறு கேட்கவில்லை.

உங்களிடமும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. வெள்ளம் வந்த வருடம் இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். நாலு வரியாக வெட்டி, ஊரின் பெயரையும் பிழையாகப் போட்டு, ‘வாசகி ஒருவரின் ஆதங்கம்’ என்று தலைப்பும் வைத்தீர்கள். இடநெருக்கடி என்று எனக்கும் விளங்கும். அதே பக்கத்தில் நாடா வெட்டுகிற படம் மூன்று இருந்தது, அதனால்தான் சொல்கிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பூவரசடியில் கொங்கிறீற்றை இரண்டு அடி அகலத்துக்கு வெட்டி ஒரு குழாய் வைக்கவேண்டும். பழைய மதகு எந்த இடத்தில் புதைந்திருக்கிறது என்று நான் நின்று காட்டுவேன். மற்றது, கூட்டத்துக்கான அறிவித்தலை ஒரு கிழமைக்கு முன்பே சனசமூக நிலையத்தில் ஒட்டவேண்டும், கூட்டத்தைப் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வைக்கவேண்டும். இந்த இரண்டையும் உரியவர்கள் கண்ணில் படும்படி போட்டால் போதும். வெட்டுவதென்றால் மேலே உள்ளதை வெட்டுங்கள், இதை விடுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கிராம சேவையாளரின் கடதாசி வந்தது. அடுத்த ஐந்தாண்டுக்கான கிராமத் திட்டம் பற்றிய கூட்டமாம். நாளைக்கு, காலை பத்து மணிக்கு.

இப்படிக்கு,
வாசகி,
வலிகாமம்.